மகளுக்கு, பார்சலோட சேர்த்து

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்க எல்லாரும் நல்ல சுகம். உன் சுகத்துக்கு ஆண்டவனை வேண்டிக்கிறேன்.

போன் இருக்கப்போ எதுக்கு கடுதாசின்னு கேப்ப. போன்ல நான் ஆரம்பிக்கிறதுக்குள்ள "ம், சரிம்மா, அப்புறம் எடுக்கிறேன்"னு வச்சிர்ற. அந்த அப்புறம் வர்றதே இல்ல. கடுதாசின்னா குறுக்க பேச ஏலாதுதானே. எப்படியும் பார்சல் வருது, அதோட இதுவும் வரட்டும்.

அணைத் தண்ணிக்குள்ள போன பழைய மஸ்கெலியா ஊர்ப் படத்தைத் துணில தைச்சு முடிச்சிட்டேன். பங்குனில நீ வந்தப்ப மவுஸ்ஸாகலை அணைல தண்ணி வத்தி, கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேத்துக்கு மேல நின்னிச்சே, இப்ப போய்ப் பாத்தா ஒண்ணுமே தெரியாது. ஆடி மழைல எல்லாத்தையும் தண்ணி மூடிருச்சு. 1969-ல அணை கட்டி முடிஞ்சப்போ நான் பொறக்கவே இல்ல. அம்மாயி சொல்லிச் சொல்லித்தான் அந்தக் கடைத்தெரு எனக்குத் தெரியும். நீ அதைக் கம்பியூட்டர்ல சேறு ஒரு லேயர், கட்டடம் ஒரு லேயர், மேல தண்ணி ஒரு லேயர்னு வரைஞ்சு, தண்ணிய மட்டும் மறைச்சு மறைச்சுக் காட்டினப்போ உங்கப்பா வாயப் பொளந்துக்கிட்டு பாத்தாரு. டீச்சர் அப்பொயின்மென்டுக்கு எழுதலைன்னு ரெண்டு வருசம் உம்முன்னு இருந்த மனுசன்தான்.

இனி துணிக் கதைய கேளு. டவுன்ல கொமினிகேஷன் கடைல முதல்ல எடுத்துக் குடுத்தது மை பிரிண்டர்ல எடுத்தது. படத்தைத் துணில ஒட்ட நீ அனுப்பின ஜெல் பட்டதும் கோயில் நீலமா கரைஞ்சு ஓடிருச்சு. லேசர்லதான் எடுக்கணும், அதுல இருக்கிறது தூள், சூட்டுல உருகி தாள்ல ஒட்டுறது, ஈரத்துக்குக் கரையாதுன்னு நீ படிச்சுப் படிச்சு சொன்னதை அந்தப் பையன்கிட்ட அப்படியே ஒப்பிச்சேன். "எல்லாம் ஒண்ணுதான் ஆன்ட்டி"ன்னான். எப்படி ஒண்ணாகும்? இன்னொரு கடைக்குப் போய் லேசர்ல எடுத்தேன்.

ஜெல்லைத் தடவி படத்தைக் கவுத்து ஒட்டி ஒரு ராத்திரி காய வைன்னு எழுதியிருக்க. அது கொழும்பு ராத்திரி. இங்க துணி காயுறதுக்கு முன்ன பூஞ்சணம் வந்துரும். அடுப்புக்கு மேல பரண்ல போட்டுத்தான் காஞ்சிச்சு. அப்புறம் தாளை நனைச்சு விரலால தேச்சா கடுதாசி திரிதிரியா உருண்டு வருது, படம் மட்டும் துணில நிக்குது. அவசரப்பட்டு அழுத்தினா படமும் சேர்ந்து வரும், அதனால விரல் நுனிய மட்டும் வச்சு மெதுவா. கோபுரத்து நுனிதான் முதல்ல வெளிய வந்திச்சு, அணைல தண்ணி வத்துறப்போ வருமே, அதே மாதிரி. புள்ளைக்காம்பரால தோட்டத்துப் புள்ளைங்களப் பாத்துக்கிற ஆயா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்திச்சு. அது கண்ணு கலங்கிருச்சு. அதோட அம்மா கல்யாணம் அந்தக் கோயில்லதான் நடந்திச்சாம்.

ஆனா மகளே, கவுத்து ஒட்டுறது இடவலமா மாறும்னு எனக்கு சொல்லிக் குடுத்தவளே நீதானே? மிரர் பண்ணாம அனுப்பியிருக்க. கடைப் பலகைல "மஸ்கெலியா" இடவலமாத் திரும்பி நிக்குது. நீ இப்படி ஒண்ணை விடுற ஆள் இல்ல. என்ன யோசனைல இருந்தியோ. நான் அந்தப் பலகை மேல படங்குத் துண்டு ஒண்ணை வெட்டி வச்சு, எழுத்தைக் கறுப்பு நூல்ல பின்தையல் போட்டுட்டேன். இப்ப பாத்தா அதுதான் துணிலயே நல்லா இருக்கிற இடம். அந்தப் படங்கு என்னோடது. கொழுந்து பறிக்க மலைக்குப் போறப்போ இடுப்புல கட்டிட்டுப் போன கடைசிப் படங்கு.

மேல தண்ணிக்கு நீ சொன்ன ஆர்கன்சா துணியத்தான் போட்டேன். நல்ல யோசனை, ஒத்துக்கிறேன். ஆனா கம்பியூட்டர்ல மாதிரி அதுல திரும்பிப் போக ஏலாது. ஒரு தையலைப் பிரிச்சா ஊசி போன ஓட்டை அப்படியே நிக்குது. அதனால சாக்குக்கட்டியால கோடு போட்டுப் பாத்துட்டுத்தான் ஊசிய இறக்கினேன். மழைக்கு ஒத்தை இழை, தூரத்து லயத்துக்கு ரெண்டு இழை, முன்னால தேயிலைக்கு ஆறு இழையையும் பிரிக்காமப் போட்டிருக்கேன். ஆர்கன்சாவையும் தேயிலைச் சாயத்துல முக்கச் சொல்லியிருந்த. அது பொலியஸ்டர், சாயம் ஏறாது. அடித்துணி பருத்தி, அதுல டஸ்ட் தேயிலைத் தூளைக் கொதிக்க வச்சு முக்கினதும் சேத்து நிறம் வந்திருச்சு. கோயில் தூணுக்குக் கறுப்பு வேணும்னு துருப்பிடிச்ச ஆணிய வினாகிரில ஊறப் போட்டு அந்தத் தண்ணிய பிரஷ்ல தொட்டு வச்சேன். தேயிலைச் சாயத்துல இரும்புத் தண்ணி பட்டா கறுத்துரும். நிறையப் போடாத, காலம் போகப் போக அந்த எடத்துல துணி இத்துப்போகும்.

நீ சின்னத் துணிய கைல பிடிச்சு எடுத்து அனுப்பின படத்தை அப்பா தோட்டம் முழுக்கக் காட்டிட்டாரு. நானும் விரலால பெருசாக்கிப் பாத்தேன். தையல் நேரா இருக்கு. முடியத்தான் ஏன் அப்படி இழுத்துக் கட்டியிருக்க, காது ரெண்டும் வெறிச்சோன்னு தெரியுது. வெயில் நல்லா விழுந்திருக்கு படத்துல. செவ்வாய்க்கிழமை காலைலதானே அனுப்பின? ஆபீஸ்ல லீவு குடுத்தாங்களா? சும்மாதான் கேட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. பணிஸ் வாங்கித் தின்னுட்டு சாப்பிட்டேன்னு சொல்லாத.

அடுத்தது கொழுந்து பறிக்கிறவங்க படம். 2023-ல நம்ம சனம் மலையகத்துக்கு வந்த இருநூறு வருசத்துக்காகத் தலைமன்னாரில இருந்து மாத்தளைக்கு நடந்தாங்களே, அதைப் பாத்துட்டு நீ வரைஞ்சது. பெருக்கல் தையலுக்குக் கட்டம் போட்டு அனுப்பியிருக்க. 280 கட்டம் அகலம், 200 உயரம். பெருக்கிப் பாத்தியா? 56,000. கம்பியூட்டருக்குக் கட்டம் சும்மா வரும். எனக்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஊசி மேலயும் கீழயும் போய் வரணும். நீ வாங்கின துணி அங்குலத்துக்கு 14 கட்டம், அப்ப அகலமே 20 அங்குலம் வரும். 112க்கு 80ன்னு கொறை. 8 அங்குலத்துல முடியும், சட்டம் போடவும் லேசு, வாங்குறவங்க பஸ்ல கொண்டு போகவும் லேசு. நிறத்தையும் கொறை. பச்சை மட்டுமே பதினொண்ணு வச்சிருக்க. போன்ல வெளிச்சத்தைக் கூட்டினா ஒரு பச்சை, கொறைச்சா ஒரு பச்சை. ஸ்கிரீன் நிறத்தை வெளிச்சத்துல செய்யுது, நூல் கடைல அந்த வெளிச்சம் இல்ல. அதனால ஹட்டன்ல கிடைக்கிற நூலை அட்டைல சுத்தி நம்பர் எழுதி அனுப்புறேன், அதைப் பாத்து நீ படத்தை மாத்து. நூலுக்கு ஏத்த படம் வரைஞ்சா பாதி வேலை கொறையும். படங்குல பெருக்கல் தையல் வேணாம். அதுல இழை ஒண்ணுக்கொண்ணு சமமா இருக்காது, கட்டம் நீண்டு முகம் கோணிக்கும்.

படத்துல எல்லாரும் சிரிக்கிறாங்க. மழைல, அட்டை கடிக்கிறப்போ, யாருடி சிரிச்சா? கூடையோட தலைப்பட்டி நெத்தில இழுக்கிற இழுப்புக்குப் புருவம் மேல போய் நிக்கும், அதை வரை. கையும் சரியில்ல. விரல் நுனியால பூப் பறிக்கிற மாதிரி வச்சிருக்க. கொழுந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வந்து ஒடியணும், ஒடிஞ்சது அடுத்த கொழுந்து ஒடியுற வரைக்கும் உள்ளங்கைலயே நிக்கணும், கை நெறஞ்சப்புறம்தான் முதுகுக்குப் போகும். என் கைய போன்ல எடுத்து அனுப்பச் சொல்லி தம்பிகிட்ட சொல்லியிருக்கேன். ரெண்டு விரல்ல கறை இன்னும் போகல, அதையும் வரைஞ்சுக்க.

விலை விசயம். அந்தக் கடைல வித்தப்புறம்தான் காசுன்னு சொன்னாங்கன்னியே, எழுதி வாங்கினியா? வாய்ப்பேச்சுல விடாத. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய்க்கு நாங்க எத்தனை வருசம் கத்தினோம், 2021-லதான் வந்திச்சு, 2024-லதான் 1,350 ஆச்சு. கொழுந்து கிலோ கொறைஞ்சா அரைப்பேர்னு பாதி நாள் சம்பளம் போட்டு அனுப்புன காலமும் எனக்குத் தெரியும். நீ உன் துணிக்கு எத்தனை பேர் ஆச்சுன்னு கணக்கு வை. வரைஞ்ச நாள், தைச்ச நாள், காய வச்சு காத்துக்கிடந்த நாள் எல்லாம் பேர்தான். நூலும் துணியும் தனி. அவசரத்துக்குக் காசு வேணும்னு பாதி விலைக்குக் குடுத்துராத. அவசரம்னா கடைக்காரன் மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்குவான்.

ஊர்ல வேற விசேசம் ஒண்ணும் இல்ல. தம்பி ஏ.எல். படிக்கிறேன்னு போனைப் பாத்துக்கிட்டு கெடக்கான். பெரியப்பா விசயம் உனக்குத் தெரியும்தானே, அதே கதைதான். கீழ் லயத்து மாமி மகள் வந்திருக்கா. அவ சங்கிலிய அடகு வச்சுட்டு வீட்டுல ஒருத்தருக்கும் மூச்சு விடலையாம். வட்டி கட்டாம தவணை தப்பி, ஏலக் கடுதாசி வந்தப்புறம்தான் தெரிஞ்சிருக்கு. மாமி ஒப்பாரி வைக்கிறா. எனக்கு அந்தப் புள்ள மேல கோவம் வரல. வைக்கிற மாதிரி ஒரு நெலமை இருந்திருக்கு, வச்சிருக்கா. நகை எதுக்கு வாங்குறோம்? வேலைய விட்டப்போ வந்த என் ஈ.பி.எஃப் சேமநிதிக் காசுல உனக்குத் தோடு எடுத்தப்போ அப்பா ஏன்னு கேட்டதுக்கு நான் என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கும். அடகுத் துண்டை பத்திரமா வச்சு, தவணைக்குள்ள வட்டிய மட்டுமாவது கட்டிட்டா திருப்பி எழுதிக் குடுப்பாங்க. மாமி மகளுக்கு அதை சொல்ல ஆளில்ல. நேரத்துக்குச் சாப்பிடு.

இன்னொண்ணு. காதுல ஒண்ணும் போடாம விட்டா ஓட்டை தூந்துரும். ஈர்க்குக் குச்சிய சின்னதா நறுக்கி, தேங்காய் எண்ணெய் தொட்டு போட்டு வை. கொழும்புல ஈர்க்குக் கிடைக்காதுன்னு பார்சல்லயே நூல் அட்டைக்குப் பின்னால கொஞ்சம் வச்சிருக்கேன்.

தீபாவளி வரைக்கும் காத்திருக்க வேணாம். அங்க வேலை இருக்கோ இல்லையோ, கம்பியூட்டரைத் தூக்கிக்கிட்டு வந்து இங்க ஒரு மாசம் உக்கார். இஸ்தோப்புல, முன் திண்ணைல, வெளிச்சம் நல்லா விழும், சிக்னலும் அங்கதான் கிடைக்கும். சிவனொளிபாத மலை சீசனுக்கு நல்லதண்ணிக்குப் போற சனம் மஸ்கெலியா வழியாத்தான் போகுது. சின்னச் சின்னத் துணியா செஞ்சு வச்சா மார்கழில இருந்து வெசாக் வரைக்கும் விக்கலாம்னு அப்பாவே சொல்றாரு. அவர் சொன்னதா நான் சொல்லலை.

சீட்டு இந்த மாசம் எனக்கு விழுந்திருச்சு. எனக்கு இப்ப ஒரு செலவும் இல்ல. துணிய விரிக்கிறப்போ பாத்து விரி, கோயில் பக்கத்து மடிப்புல பிளாஸ்டிக் கவர்ல வச்சுத் தைச்சிருக்கேன், அந்த நாலு தையலை மட்டும் பிரிச்சா போதும். அப்பாகிட்ட நூல் வாங்கக் குடுத்ததுன்னு சொல்லியிருக்கேன். அவ்வளவு காசுக்கா நூல்னு கேட்டாரு. கேட்டா நீயும் நூல் விலை ஏறிப்போச்சுன்னே சொல்லு.

இப்படிக்கு,
அம்மா