பாப்பாவுக்கு, அந்த ரெண்டு டிராக்டர் பத்தி

பாப்பா, வாங்கலாமான்னு கேட்டு நீ அனுப்புன அந்த ரெண்டு பழைய டிராக்டரோட போட்டோ வீடியோ எல்லாத்தையும் ராத்திரி உக்காந்து பாத்துட்டேன். போன்ல சொன்னா பாதி மறந்துபோகும், மாப்பிள்ளையும் படிக்கட்டும்னுதான் எழுதுறேன். முதல்ல ஒண்ணு, கும்பகோணத்துக்காரர் வண்டிக்கு ஒரு ரூவா கூட அட்வான்ஸ் போட்டுராதீங்க.

அவரோட மஹிந்திரா 475 பாக்க பளபளன்னு இருக்கு, வெலையும் கம்மிதான். ஆனா போட்டோவ பெருசாக்கிப் பாரு, போல்ட் தலை மேல, ஹைட்ராலிக் பைப் மேல, ஃபேன் பெல்ட் ஓரத்துல கூட செவப்பு பெயிண்ட் ஏறிருக்கு. விக்கறதுக்குன்னு அவசரமா அடிச்சது அது, ஆயில் ஒழுகுற எடம் இருந்தா அதுவும் சேந்து மறைஞ்சிரும். அதோட அது நம்ம பக்கத்து வண்டி, குறுவைக்கும் சம்பாவுக்கும் கேஜ் வீல், அதான் சேத்துக்கு மாட்டுற இரும்புச் சக்கரம், மாட்டி சேத்துல ஓடி ஓடி பின் ஆக்ஸிலு சீல் பேரிங் எல்லாம் அடி வாங்கிருக்கும், சீல் போச்சுன்னா தண்ணி உள்ள போயிரும். உனக்கு மக்காச்சோளமும் பருத்தியும் போடுற காடு, அந்த மண்ணுல ஓடுன வண்டியே அங்கேயே கெடைக்கும்போது சேத்து வண்டிய எதுக்கு பெரம்பலூர் வரைக்கும் ஏத்திட்டு போகணும்? மணல், செங்கல் அடிச்ச வண்டியும் வேணாம்மா, டிரெய்லர் இழுத்தே கிளட்சும் பிரேக்கும் போயிருக்கும். வண்டிக்குப் பின்னாடி கொக்கி மாட்டுற ஓட்டை நீளமா தேஞ்சிருந்தா நெறைய பாரம் இழுத்துருக்குன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, வேப்பந்தட்டை பக்கத்து மாசி ஃபெர்குசன் 241, அது பெயிண்ட் வெளுத்துருக்கு, டயரும் பாதிக்கு மேல தேஞ்சிருக்கு, ஆனா என் மனசுக்கு அதுதான் புடிக்குது. ரெண்டுமே 42 எச்பி தான், உன் ஆறு ஏக்கருக்கு மண்ண பொடியாக்குற அஞ்சடி ரோட்டவேட்டர் போட்டு ஓட்ட அது தாராளம். மாப்பிள்ளை 50 எச்பி கேக்குறாராம், வேணாம்னு சொல்லு, டீசல்தான் செலவு. எந்த கம்பெனியா இருந்தாலும் உன் ஊர் மெக்கானிக்குக்கு கை பழகுனதா, பார்ட்ஸ் பெரம்பலூர்லயே கெடைக்கறதா இருக்கணும். வெதைக்கிற நேரத்துல வண்டி நாலு நாள் நின்னா அந்த ஈரம் திரும்பி வராது.

பாக்கப் போறப்ப காலைலயே போங்க, ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கன்னு முன்னாடியே சொல்லிருங்க. போனதும் எஞ்சின்ல கை வச்சுப் பாரு, சூடா இருந்தா நமக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க, குளுந்து கெடக்குற எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகுதுன்னு தெரியாமலே போயிரும். ஆயில் அளவு பாக்குற டிப் ஸ்டிக்க உருவி பாரு, ஆயில் பால் காப்பி மாதிரி இருந்தா தண்ணி கலந்துருக்கு, பேசாம கெளம்பி வந்துரு. ஸ்டார்ட் ஆன அப்புறம் ஆயில் ஊத்துற மூடிய தொறந்தா லேசா ஆவி வரலாம், புஸ்சு புஸ்சுன்னு பொகை தள்ளுனா எஞ்சினுக்குள்ள ரிங்கு, லைனர் தேஞ்சிருக்கு, நீல பொகையும் அதே கதைதான். கருப்பு பொகை லோடு ஏத்தறப்ப கொஞ்சம் வரும், அதுக்கு பயப்படாத. எத்தனை மணி நேரம் ஓடிருக்குன்னு காட்டுற மீட்டர நம்பாதீங்க, கேபிள கழட்டிட்டா அது ஓடாது, கிளட்சு பெடல் எவ்ளோ தேஞ்சிருக்குன்னு பாத்தாலே தெரியும்.

பின்னாடி கலப்பைய தூக்குற லிஃப்டுதான் எல்லாரும் ஏமாந்து போற எடம். வெறும் லிஃப்ட தூக்கி காட்டுவாங்க, அது எல்லா வண்டிலயும் தூக்கும். ஒன்பது கொத்து கலப்பைய மாட்டி அரை மணி நேரம் காட்டுல ஓட்ட சொல்லுங்க, ஆயில் சூடான அப்புறம் தூக்குதா பாருங்க, தூக்கி வச்சுட்டு எஞ்சின ஆஃப் பண்ணுங்க. மெதுவா இறங்குனா பரவால்ல, சரசரன்னு இறங்குனா உள்ள லீக்கு இருக்கு, அந்த செலவ வெலைல கழிக்கணும். ஓட்டும்போதே லெஃப்ட் பிரேக் ரைட் பிரேக் தனித்தனியா மிதிச்சு பாக்கணும், இறக்கத்துல விட்டா கியர் தானா கழண்டு வருதான்னும் பாக்கணும்.

வெலை பேசுறப்ப ஒண்ண ஞாபகம் வச்சுக்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 பெர்சன்ட் ஆயிருச்சு, புது வண்டியே எறங்கிருக்கு, அப்ப பழசு மட்டும் பழைய ரேட்டுலயே எப்படி நிக்கும்? அத சொல்லியே கேளு. டயர் தேஞ்சதுக்கும் தனியா கொறைக்க சொல்லு.

ஆர்சி புக்குல இருக்குற எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டில இருக்கறதும் ஒண்ணான்னு நீயே குனிஞ்சு படிச்சுப் பாரு. லோன் போட்ட வண்டின்னா லோன் முடிஞ்சுதுன்னு பேங்க் குடுக்குற என்ஓசியும், ஆர்சில இருக்குற லோன் பதிவ எடுக்குற ஃபார்ம் 35ம் கைக்கு வராம முழுப்பணம் குடுக்காத, எத்தனையோ பேரு அதுல மாட்டிட்டு முழிக்கறாங்கம்மா. பேரு மாத்துறதுக்கான ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் அன்னைக்கே கையெழுத்து வாங்கிரு, 14 நாளுக்குள்ள ஆர்டிஓ ஆபீஸ்ல குடுத்து பேரு மாத்திரு, இன்சூரன்சும் உன் பேருக்கு வரணும். டிரெய்லரும் சேத்து தர்றார்னா அதுக்கு தனி ஆர்சி இருக்கான்னு கேளு.

இங்க நடவு ஞாயித்துக்கிழமையோட முடியுது, செவ்வாக்கிழமை காலைல முதல் பஸ்ஸுக்கு நான் வந்துர்றேன், வேப்பந்தட்டைக்காரர்கிட்ட அன்னைக்கே வர்றோம்னு சொல்லி வை. உங்க ஊர் மெக்கானிக்கையும் கூப்பிட்டுக்கலாம், அவர் கூலிய நான் குடுத்துக்கறேன்.

அப்பா