கம்போளத்தில் தார் போடும் முன்: ஒரு திறந்த மடல்

நாகர்கோவில் கோட்டாறு கம்போளச் சந்தையின் சாலைப் பணிகளைத் திட்டமிடும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த முறை இங்கே தார் போடும் முன் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் புவியியலாளர் டாலமி குறித்த ‘கோத்தியாரா’ கோட்டாறுதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சோழர் காலத்தில் மும்முடிச்சோழநல்லூர். முதலாம் குலோத்துங்கன் நிலைப்படை நிறுத்திய ஊர். இந்தப் பழமைக்காக அலங்கார வளைவு கட்டச் சொல்லவில்லை. எங்கள் கவலை கடைப்படியின் உயரம்.

ஒரு தார் அடுக்கு 40 மி.மீ. என்றால், சுரண்டாமல் நான்கு முறை போட்டால் 160 மி.மீ.; ஒரு படியே மறைந்துபோகும். பிறகு மழைநீர் ஓடைக்குப் போகாது, கடைக்குள் வரும். முதலில் கெடுவது, கடையை அடைக்க வரிசையாக நிறுத்தும் நிரைப்பலகை. பலகை நிற்கும் கீழ்ச்சட்டத்தின் பள்ளமான காடியில் நீர் தேங்கினால் பலகையின் அடிப்பக்கம் உறிஞ்சி உப்பும். பலகைகள் எண் வரிசைப்படி ஒரே வாயில் வழியாக நுழைந்து நகர்பவை. நடுவில் ஒன்று இறுகினால் பின்னால் வருபவை எல்லாம் நிற்கும். அடியை இழைத்துவிட்டால் கோடையில் சுருங்கி இடைவெளி விழும், எலிக்கு வழி கிடைக்கும். கடைசியில் பலகைக்குப் பதில் இரும்பு ஷட்டர் போட வேண்டிவரும்; அதன் அடியும் துருப்பிடிக்கும்.

சரக்குக்கு வெள்ளமே வேண்டாம், தரை ஈரம் போதும். கருப்பட்டி கசியும், வற்றலும் மல்லியும் பூஞ்சணம் பிடிக்கும். தரையை உயர்த்தலாமே என்பீர்கள். ஓட்டுக்கூரைக் கடையில் அரை அடி உயர்த்தினால் மூட்டை சுமப்பவர் தலை வாசல்நிலையில் இடிக்கும். வாசலில் சரிவு கட்டினாலோ, அது ஆக்கிரமிப்பு!

சாலையைச் சுரண்டிவிட்டே போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். வேலைக்கு முன் பத்து மீட்டருக்கு ஒரு கடைப்படியின் மட்டத்தைக் கருவி வைத்துக் குறியுங்கள். போடப்போகும் கனத்துக்குச் சுரண்டி, கழிவை அன்றிரவே அள்ளிவிடுங்கள். விட்டால் ஓடைக்குள்தான் போகும். நடுவிலிருந்து ஓரத்துக்கு மீட்டருக்கு 25 மி.மீ. சரிவு வேண்டும். ஓடைவாய் சாலையோரத்தைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

இரண்டு மழைக்காலம் உள்ள மாவட்டம் இது. தைப்பொங்கல் வியாபாரம் முடிந்து மார்ச்சுக்குள் வேலையை வையுங்கள். இயந்திரம் நுழையாத முடுக்குகளில் ஆள்வைத்துக் கொத்தி எடுக்க, மதிப்பீட்டிலேயே தனியாகத் தொகை ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
கம்போளத்துப் பழங்கடைகளில் புழங்குவோர்