செயலாளர் ஆண்டறிக்கை: தெரபியைத் தேர்வதும் வழிநடத்துவதும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் நம் சங்கத்தில் சேர்ந்த பெற்றோரில் பெரும்பாலோர், ஆட்டிசம் உள்ள தம் குழந்தைக்கு எந்தத் தெரபி சிறந்தது என்ற ஒரே கேள்வியோடுதான் வந்தார்கள். மாதக் கூட்டங்களின் பெரும்பகுதி அதற்கே செலவானதால் இவ்வறிக்கையும் அதைப் பற்றியதே.

1987இல் அமெரிக்க உளவியலாளர் லோவாஸ் வெளியிட்ட ஆய்வு, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேர நடத்தைப் பயிற்சியை முன்வைத்தது முதல், மணிக்கணக்கு கூடினால் பலனும் கூடும் என்ற எண்ணம் பெற்றோர் மனத்தில் வேரூன்றிவிட்டது. ஆனால் 2024இல் 144 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்களுக்கு, மணி நேரம் கூடக்கூடப் பலன் கூடுகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. நாள் முழுதும் ஒரு வகுப்பிலிருந்து மறு வகுப்புக்கு அலைந்து களைத்துப்போகும் குழந்தைகளைப் பார்த்துவரும் நமக்கு இதில் வியப்பில்லை. தூக்கமும் விளையாட்டும் போக மிஞ்சிய நேரத்தில்தான் தெரபி இருக்க வேண்டும் என்பது என் கருத்து. செயற்குழுவில் சிலர் இதை ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

விளையாட்டின் வழியே குழந்தையின் இயல்பான வளர்ச்சியை ஊக்குவிக்கும் வளர்ச்சி சார்ந்த முறைகளில் கிரீன்ஸ்பான் உருவாக்கிய ஃப்ளோர்டைம், ரோஜர்ஸும் டாசனும் வகுத்த எர்லி ஸ்டார்ட் டென்வர் முறை, கூட்டுக் கவனத்தை (குழந்தையும் மற்றவரும் ஒரே பொருளைச் சேர்ந்து கவனிப்பதை) முதன்மையாகக் கொண்ட ஜாஸ்பர் ஆகியவற்றை உறுப்பினர்களுக்கு அறிமுகப்படுத்தினோம். பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதைப் படம்பிடித்து, அதைத் தெரபிஸ்டும் பெற்றோரும் சேர்ந்து பார்த்துப் பேசும் பாக்ட் முறையே கூட்டங்களில் அதிகம் விவாதிக்கப்பட்டது. அதன் முதல் முடிவுகள் 2010இல் வந்தபோது ஆட்டிசக் கூறுகளில் பெரிய மாற்றம் தெரியவில்லை. எனினும் அதே குழந்தைகளைப் பயிற்சி முடிந்து ஆறு ஆண்டுகள் அளவில் மீண்டும் மதிப்பிட்டு 2016இல் வெளியிட்ட அறிக்கை, சிறிதாயினும் நிலைத்த பலனைக் காட்டியது.

முறையின் பெயரைவிட, எழுதித் தரப்படும் இலக்கே நமக்கு முக்கியம். "சமூகத் திறன் மேம்படும்" என்று எழுதினால் அதை யாராலும் சரிபார்க்க முடியாது. வேண்டியதைப் பெற அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போகும் குழந்தை, சோப்புக்குமிழி டப்பாவின் இறுகிய மூடியைத் திறக்க முடியாதபோது, டப்பாவை நீட்டிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கிறதா, எந்த மாதத்துக்குள், எத்தனை முறைக்கு எத்தனை முறை என்று எழுதினால், வீட்டில் இருப்பவர்களே பார்த்துச் சொல்லிவிடலாம். அந்தப் பார்வை வரும்வரை அவசரப்பட்டு மூடியைத் திறந்து கொடுக்காமல் காத்திருப்பதும் தெரபிதான். தெரபிஸ்ட் இல்லாத நேரத்தில் அதைச் செய்ய வேண்டியவர்கள் நாமே. கண்ணைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதையோ, குழந்தை திரும்பத் திரும்பச் செய்யும் கையசைவைத் தடுப்பதையோ இலக்காக ஏற்க வேண்டாம் என்று செயற்குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது.

பேச்சு தாமதமான குழந்தைக்குச் செவித்திறன் பரிசோதனை முதலில் நடக்க வேண்டும். படங்களோ கருவியோ கொண்டு தொடர்புகொள்ளப் பழக்கினால் பேச்சு வராது என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. உடலிலிருந்து உலோகத்தை நீக்குவதாகச் சொல்லும் கீலேஷன் சிகிச்சையால் உயிரிழப்பே நேர்ந்திருப்பதால், அதை விளம்பரப்படுத்த நம் கூட்டங்களில் யாருக்கும் இடமளிப்பதில்லை.

தெரபி நடக்கும் அறைக்குள் பெற்றோரை அனுமதிக்காத ஒரு மையத்தைப் பற்றி உறுப்பினர்கள் முறையிட்டனர். பெற்றோர் பார்க்கக் கூடாத தெரபியைக் குழந்தைக்குத் தர வேண்டாம் என்பதே அவர்களுக்கு நாம் சொன்ன பதில்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இலக்குகளைத் தெரபிஸ்டோடு அமர்ந்து மறுபரிசீலனை செய்வதற்கான ஒரு பக்கப் படிவத்தைச் செயற்குழு தயாரித்துள்ளது. அதன் பிரதி இவ்வறிக்கையுடன் இணைக்கப்பட்டுள்ளது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்துச் சமர்ப்பிப்பார். இவ்வறிக்கையையும் படிவத்தையும் ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்