காசா நகரத்துல திருக்குடும்ப ஆலயப் பங்குச் சாமியா இருக்கிற கேப்ரியல் சாமிக்கு

ஸ்தோத்திரம் சாமி,

நீங்க அர்ஜென்டினாக்காரர், உங்களுக்குத் தமிழ் தெரியாது, இந்தக் கடிதம் உங்க கைக்கு வந்து சேரவும் சேராது. ஆனாலும் ரெண்டு வருஷமா உள்ளுக்குள்ள வச்சு அழுத்திக்கிட்டு இருக்கிற ஒரு விஷயம், எங்க பங்குச் சாமிகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன், அப்பவும் பாரம் இறங்கல, இது யாருக்குச் சேர வேண்டியதுன்னு யோசிச்சா உங்க பங்குதான் ஞாபகத்துக்கு வருது.

2023 அக்டோபர் 7ஆம் தேதி ஹமாஸ் ஆளுங்க உள்ள புகுந்து ஏறக்குறைய 1200 பேரைக் கொன்னு 251 பேரைப் பிடிச்சிட்டுப் போனாங்க இல்லையா, அந்த வாரம் எங்க சொந்தக்காரங்க வீட்ல ஒரு ஜெபக் கூட்டம். எல்லாருக்கும் மனசு பதறிப் போய்தான் இருந்துச்சு. ஆனா ஜெபிச்சவர் போகப் போக, ஆண்டவரே காசாவைத் தரைமட்டமாக்கும், ஒரு கல்லும் மிஞ்சக் கூடாதுன்னு சத்தமா வேண்டினார். எல்லாரும் ஆமென் சொன்னாங்க. நானும் சொன்னேன் சாமி. யோசிக்காம சொன்னேன்னு சொல்லித் தப்பிக்க மாட்டேன், அந்த நேரத்துல எனக்கு அது சரின்னுதான் பட்டுச்சு.

சின்ன வயசுல இருந்தே மோசே கடலைத் தாண்டிக் கூட்டிட்டுப் போன இஸ்ரயேல் மக்களும் 1948ல உருவான இஸ்ரேல் நாடும் எனக்கு ஒண்ணுதான். அந்த 1948லயே ஏழு லட்சம் பாலஸ்தீன மக்கள் வீடு வாசல் இழந்து வெளியேறுனாங்க, அதுல கிறிஸ்தவங்களும் இருந்தாங்கன்னு எனக்கு யாரும் சொல்லல, நானும் தேடிப் பார்க்கல. அரபில திருப்பலி வைக்கிறவங்க இருக்காங்க, அவங்களும் ஜெபத்துல கடவுளை அல்லாஹ்ன்னுதான் கூப்பிடுவாங்கங்கிறதே இந்தப் போருக்கு அப்புறம்தான் எனக்குத் தெரியும்.

2023 டிசம்பர் 16ஆம் தேதி உங்க திருக்குடும்ப ஆலய வளாகத்துலயே ஒரு அம்மாவையும் மகளையும் சுட்டுக் கொன்னாங்கன்னு செய்தி வந்துச்சு. அன்னைக்கே அங்க இருந்த மதர் தெரசா சிஸ்டருங்க மடத்துலயும் குண்டு விழுந்து ஜெனரேட்டர் எரிஞ்சு, அவங்க வச்சுப் பார்த்துக்கிட்டு இருந்த ஊனமுற்ற 54 பேருக்கும் இருக்க இடமில்லாமப் போச்சு. அந்த நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை கொல்கத்தால இருந்து போனது சாமி, எங்க ஊர் பஸ்ல பார்க்கிற சேலை அது. முஸ்லிம் பிள்ளைகளையும் மடியில வச்சு ஊட்டிக்கிட்டு இருந்தவங்க தலையில விழுந்த குண்டுக்கு நான் ஆமென் சொல்லியிருக்கேன். அதை நினைச்சா இன்னைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்குது.

போர் ஆரம்பிச்சப்ப நீங்க காசாக்கு வெளிய இருந்தீங்க, உள்ள வர விடல. ஏழு மாசம் உங்க துணைச் சாமி யூசுப்தான் பங்கைத் தாங்கினார். எல்லாரும் வெளிய வர வழி கிடைக்காதான்னு தவிச்ச இடத்துக்கு நீங்க உள்ள போக வழி தேடி, 2024 மே மாசம் ஜெருசலேம் மறைமுதுவர் கர்தினால் பிட்சபல்லாகூட போய்ச் சேர்ந்தீங்க. அவரும் லேசான ஆள் இல்ல, பிணையா இருக்கிற பிள்ளைங்களை விட்டா நான் போறேன்னு 2023 அக்டோபர்லயே சொன்னவர்.

எங்க ஊர்ல யாரைப் பார்த்தாலும் முதல்ல சாப்டாச்சான்னுதான் கேப்போம், பதில் என்னன்னு காது குடுத்துக்கூட கேக்க மாட்டோம். போப்பாண்டவர் பிரான்சிஸ் உங்களுக்குப் போன் போட்டு இன்னைக்கு என்ன சாப்ட்டீங்கன்னு கேட்ட வீடியோ 2025 ஜனவரில வந்துச்சு, அவர் பதிலுக்காகக் காத்துக்கிட்டு இருந்தார் பாருங்க, அதைப் பார்த்து நான் அழுதுட்டேன். 2023 அக்டோபர் 9ல இருந்து அநேகமா ஒவ்வொரு ராத்திரியும், ஆஸ்பத்திரில படுத்திருந்தப்பகூட கூப்பிட்டிருக்கார், கடைசியா கூப்பிட்டது 2025 ஏப்ரல் 19 சனிக்கிழமை, திங்கக்கிழமை காலைல போயிட்டார். 2014லயே அவர் பெத்லகேம்ல இஸ்ரேல் கட்டின பிரிவினைச் சுவர்ல நெத்தியை வச்சு ஜெபிச்சார், அடுத்த மாசமே இஸ்ரேல் அதிபர் பெரஸையும் பாலஸ்தீன அதிபர் அப்பாஸையும் வத்திக்கான் தோட்டத்துக்குக் கூப்பிட்டு ஜெபம் பண்ண வச்சு ஒலிவ மரம் நட்டார். அந்த வருஷமே காசால மறுபடி போர். அப்போ ஜெபம் வீணாப் போச்சான்னு எங்க வீட்ல கேக்கிறாங்க. எனக்கு அதுக்குப் பதில் சொல்லத் தெரியல, ஆனா அந்த மனுஷன் பதில் சொல்லிக்கிட்டு உக்காரல, போனை எடுத்தார்.

அவர் போய் மூணு மாசத்துல, ஜூலை 17ஆம் தேதி உங்க கோயில்லயே குண்டு விழுந்துச்சு, மூணு பேர் செத்துட்டாங்க, உங்களுக்குக் கால்ல அடி. தவறி விழுந்துச்சுன்னு இஸ்ரேல் சொல்லுச்சு. ஆகஸ்ட்ல காசா நகரத்தைக் காலி பண்ணச் சொன்னப்பவும் வயசானவங்களையும் முடியாதவங்களையும் விட்டுட்டு வர மாட்டோம்னு நீங்களும் சிஸ்டருங்களும் இருந்துட்டீங்க. அதே மாசம்தான் அங்க பஞ்சம்னு உலகத்துக்கே அறிவிச்சாங்க. உங்க கோயில் இருக்கிற தெரு பேர் ஜெய்தூன், அப்படின்னா ஒலிவன்னு அர்த்தமாம்.

யூதங்க மேல கோபத்தை வளர்க்கவும் எனக்கு மனசில்ல சாமி, ஒரு ஆமெனுக்குப் பதிலா இன்னொரு தப்பான ஆமென் சொல்ல நான் தயாரா இல்ல. யிட்ஸாக் ஃபிராங்கன்தால்னு ஒருத்தர், பக்தியான யூதர், அவர் மகனை 1994ல ஹமாஸ் கடத்திக் கொன்னாங்க. அவர் பழி வாங்கக் கிளம்பல, அடுத்த வருஷம் பிள்ளையை இழந்த மத்த வீடுகளைத் தேடிப் போனார், அவர் அப்படி ஆரம்பிச்ச அமைப்புல இன்னைக்கு ரெண்டு பக்கமும் 600க்கும் மேல குடும்பங்க ஒண்ணா உக்காருறாங்க. தோரா வாசிக்கிறவரும் குரான் ஓதுறவரும் அங்க ஒரே மேஜையில அழுறாங்க. சமாதானம்னு ஒண்ணு வந்தா அந்த மேஜைல இருந்துதான் வரும்னு நான் நம்புறேன், கையெழுத்துப் போடுற தலைவருங்க மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்ல. 2025 அக்டோபர் 10ல போர் நிறுத்தம்னு சொன்னாங்க, அதுக்கப்புறமும் சாவுச் செய்தி வந்துக்கிட்டேதான் இருந்துச்சு.

வர ஞாயிறு எங்க கோயில்ல மன்றாட்டு வாசிக்கிறது என் முறை. உலக சமாதானத்துக்காகன்னு அச்சடிச்ச வரியே எப்பவும் இருக்கும். இந்தத் தடவை நானே எழுதி வச்சிருக்கேன்: ஜெய்தூன் தெருல கூடாரத்துல இருக்கிறவங்களுக்கு ரொட்டி கிடைக்கணும், பக்கத்துப் பள்ளிவாசல்ல தொழுறவங்க வீடு திரும்பணும், பிணையாப் போய்ச் செத்தவங்க வீட்டுக்காரங்களுக்கு ஆறுதல் வேணும்னு. சபை ஆமென் சொல்லாது, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்னுதான் சொல்லும். நான் மட்டும் மனசுக்குள்ள ஒரு ஆமென் சொல்லிக்குவேன், முன்ன சொன்னதைத் திருப்பி எடுத்துக்கிறதுக்கு.

கால் இப்ப எப்படி இருக்கு? யூசுப் சாமியையும் சிஸ்டருங்களையும் அந்தப் பிள்ளைங்களையும் நான் கேட்டதா சொல்லுங்க சாமி.