மாதிரிக்குக் கொடுத்த பழைய படகுப் பாகத்தைத் திருப்பித் தராதது குறித்துப் புகார்

அனுப்புநர்
பழைய மர லாஞ்சின் உரிமையாளர்,
ராயபுரம், சென்னை – 600013.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வார்ப்பு மற்றும் கடைசல் பிரிவு.

பொருள்: தவறாகச் செய்த ஸ்டெர்ன் கிளாண்ட், திரும்பி வராத பழைய கிளாண்ட் – தொடர்பாக.

ஐயா,

கடந்த ஜனவரியில் உங்கள் நிறுவனத்தில், என் லாஞ்சின் (எஞ்சின் படகின்) பின்புறம் ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ஸ்டெர்ன் கிளாண்ட் ஒன்று செய்ய ஆர்டர் கொடுத்தேன். நீங்கள் செய்து அனுப்பியது படகில் பொருந்தவில்லை. அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். மாதிரிக்கென்று நான் கொடுத்த பழைய கிளாண்ட் இன்றுவரை என் கைக்கு வரவில்லை. இந்தக் கடிதம் முதலில் அதற்காகத்தான்.

போனில் பேசிய உங்கள் சூப்பர்வைசர், "ஒரு பழைய பித்தளைத் துண்டுக்கா சார் இவ்வளவு கோபம்?" என்று கேட்டார். அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னுடையது தேக்கில் கட்டிய பழைய லாஞ்ச். உள்ளே இருப்பது கிளாஸ்கோவில் செய்த கெல்வின் கே2 எஞ்சின். இரண்டு சிலிண்டர், 44 குதிரைத்திறன். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் டீசலுக்கு மாற்ற வேண்டும். அந்த எஞ்சினுக்குச் சாமான் கிடைப்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. ஒரே அளவில் நிறைய எஞ்சின் செய்து விற்றிருக்கிறார்கள், பாகத்துக்கு நம்பர் இருக்கிறது, பிரிட்டனிலிருந்து வரவழைத்துவிடலாம். காசும் பொறுமையும் இருந்தால் போதும். ஆனால் ஸ்டெர்ன் கிளாண்ட் அப்படியில்லை. அதை இந்த ஒரு படகின் பின்பக்கக் கட்டைக்கு ஏற்ற மாதிரி, கட்டிய பட்டறையிலேயே வார்த்துக் கடைந்திருக்கிறார்கள். கேட்லாக் கிடையாது, டிராயிங் கிடையாது. நான் உங்களிடம் கொடுத்த பழைய பாகம்தான் அதற்கு இருந்த ஒரே டிராயிங்.

அது என்ன வேலை செய்கிறது என்று காசிமேட்டில் எந்த விசைப்படகு டிரைவரைக் கேட்டாலும் சொல்வார். எஞ்சினிலிருந்து புரொப்பெல்லரைச் சுழற்றுகிற ஷாஃப்ட் படகுக்குள்ளிருந்து கடலுக்குள் போகிற இடத்தில் கிரீஸ் ஊறிய பேக்கிங் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். அது விட்டுப்போனால் கடல் உள்ளே வரும்.

உங்கள் விளம்பரத்தில் "பழைய பாகம் எதுவானாலும் 3டி ஸ்கேன் செய்து அச்சு அசலாகச் செய்து தருவோம்" என்று போட்டிருந்தது. அதை நம்பித்தான் வந்தேன். வந்த பாகத்தைப் பார்த்தால் ஸ்கேன் செய்த அடையாளமே இல்லை. பழைய கிளாண்டின் விளிம்பில் யாரோ எப்போதோ சுத்தியலால் அடித்த ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளம் புதிய பாகத்திலும் அப்படியே விழுந்திருக்கிறது! பழையதை நேராக மணலில் அழுத்தி, அந்த அச்சில் ஊற்றியிருக்கிறீர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? உலோகம் ஆறும்போது சுருங்கும். கன்மெட்டல் (செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கல வகை), பித்தளை வகைகளுக்கு ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் என்று, வார்ப்பு அச்சுக்கான மாதிரி உருவை, அதாவது பேட்டர்னைச் செய்கிறவர்கள் கணக்கு வைத்து, அந்த அளவுக்குப் பேட்டர்னைப் பெரிதாகச் செய்வார்கள். பழைய பாகத்தையே பேட்டர்னாக வைத்தால் அந்தக் கணக்கு எங்கிருந்து வரும்? போல்ட் துளைகளுக்கு நடுவே எட்டு அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் 3 மில்லிமீட்டர் குறைகிறது.

இதற்கு உங்கள் சூப்பர்வைசர் சொன்ன வழி: "கட்டையில இருக்கிற ஓட்டையைக் கொஞ்சம் பெரிசு பண்ணிக்கோங்க." தண்ணீருக்குக் கீழே இருக்கிற தேக்குக் கட்டையில் ஓட்டையைப் பெரிதாக்கச் சொல்கிற ஒருவரை நீங்கள் படகு வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

மரையும் தப்பு. ஷாஃப்ட் போகிற டியூபில் இருப்பது பழைய பிரிட்டிஷ் பைப் மரை, அங்குலத்துக்கு 11 சுற்று, அதாவது பிட்ச் (ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி) 2.309 மில்லிமீட்டர். நீங்கள் வெட்டியிருப்பது 2.5. ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று போய்ப் பிடித்துக்கொள்கிறது. அரை அங்குல விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் மரை) ஸ்டட்டுக்கு, அதாவது தலையில்லாத போல்ட்டுக்கு, 12 மில்லிமீட்டர் அளவான எம்12 மரை போட்டிருக்கிறீர்கள். பழைய ஸ்டட் நுழையவே இல்லை. ஆர்டர் படிவத்தில் இரண்டையும் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அப்புறம் உலோகம். பில்லில் "கன்மெட்டல் எல்ஜி2" என்று இருக்கிறது. செம்பு 85, வெள்ளீயம், காரீயம், துத்தநாகம் தலைக்கு 5 என்பது அதன் கலவை. துறைமுகத்துக்கு வெளியே கடைசல் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் புதிய பாகத்தில் அரத்தை ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டு, "இது பித்தளைப்பா, கடல்ல பொரிஞ்சிடும்" என்றார். சந்தேகத்துக்கு, உலோகத்தில் எது எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ சோதனையும் செய்தேன். துத்தநாகம் மட்டும் 37 சதவீதம், வெள்ளீயம் பேருக்குத்தான். உப்புத் தண்ணீரில் இந்த மாதிரிப் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோய்விடும். மிஞ்சுவது சிவந்த, பலமில்லாத செம்பு. வெளியே உருவம் மாறாது, ஆனால் தட்டினால் ரஸ்க் மாதிரி உதிரும். கன்மெட்டல் விலையை வாங்கிக்கொண்டு பித்தளையைக் கொடுத்ததற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், பழைய கிளாண்ட் என்னிடம் இருந்திருந்தால் வேறொரு பட்டறையில் கொடுத்துச் செய்துகொண்டிருப்பேன். அதைக் கேட்டபோது முதலில் "ஸ்டோர்ல இருக்கு" என்றார்கள். பிறகு "பேக்கிங்ல இருக்கு" என்றார்கள். கடைசியாக, "ஸ்கிராப்போட ஸ்கிராப்பா போயிருக்கலாம் சார்" என்று பதில் வந்தது. பழைய கிளாண்ட் கன்மெட்டல்; ஸ்கிராப்பில் பித்தளையைவிடக் கன்மெட்டலுக்கு விலை அதிகம் என்பது மண்ணடியில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. சரி, ஸ்கேன் செய்த கம்ப்யூட்டர் ஃபைலையாவது அனுப்புங்கள் என்று கேட்டேன். அதற்கு இன்னும் பதிலே இல்லை.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் என்பதும், அப்போது விசைப்படகுகள் எல்லாம் பழுது பார்க்கக் கரையேறும், இடம் கிடைக்காது என்பதும் ஆர்டர் கொடுத்த அன்றே உங்களுக்குத் தெரியும். மார்ச்சுக்குள் இறங்கியிருக்க வேண்டிய லாஞ்சை, கிளாண்ட் இல்லாமல் இறக்க முடியாமல், கிரேன் வைத்துத் தூக்கி வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அந்தச் செலவும் வாடகையும் என் தலையில்.

இப்போது எனக்கு வேண்டியது இதுதான். பழைய கிளாண்ட் உங்களிடம் இருந்தால், எந்த நிலையில் இருந்தாலும் சரி, உடைந்திருந்தாலும் சரி, அப்படியே திருப்பி அனுப்புங்கள். துண்டாக இருந்தாலும் அதிலிருந்து அளவு எடுக்க முடியும். உருக்கிவிட்டீர்கள் என்றால் அதை எழுத்தில் சொல்லுங்கள். அப்படியானால், அனுபவமுள்ள பேட்டர்ன் ஆசாரி ஒருவர் படகுக்கே வந்து, டியூபிலும் கட்டையிலும் நேராக அளவெடுத்து, மரத்தில் பேட்டர்ன் செய்ய வேண்டியிருக்கும். அந்தக் கூலியை நீங்கள்தான் ஏற்க வேண்டும். நான் கட்டிய 46,000 ரூபாயையும், கிரேன் செலவையும், கூடுதல் இட வாடகையையும் சேர்த்துத் தர வேண்டும். "இன்னொன்று இலவசமாகச் செய்து தருகிறோம்" என்று மட்டும் சொல்ல வேண்டாம். எதை வைத்துச் செய்வீர்கள்?

பில், ஆர்டர் படிவம், சோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்களையும் விளிம்புப் பள்ளத்தின் புகைப்படங்களையும் இணைத்திருக்கிறேன். இந்தப் படகு வாடகைக்கு விடுவதற்கோ தொழிலுக்கோ அல்ல, என் சொந்த உபயோகத்துக்கு. ஆகவே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் நுகர்வோர்தான். நான் வசிக்கிற இடத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் அனுமதிக்கிறது. 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் வட சென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

பதிலைக் கடிதமாகவே அனுப்புங்கள். போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ராயபுரம்.