துண்டோடு திகதியையும் கொடுங்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும், சுகவனிதையர் கிளினிக்கில் வேலை செய்யும் மிஸ்மாருக்கும்,

வணக்கம். 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைத் தேடிப்பிடித்து, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் சோதனைக்குக் கூப்பிடுகிறீர்கள். வெட்கத்தைப் பேசித் தீர்த்து ஒருத்தியைக் கட்டிலில் ஏற்றுவது பெரும்பாடு, அறிவேன். முடிவு வந்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மண்டூர்ப் பக்கம் என் மச்சாளுக்கு பாப் முடிவு 'எல்.எஸ்.ஐ.எல்.' என்று எழுதிய துண்டொன்று கிடைத்தது. மருந்துக்கடைப் பெடியனிடம் காட்டினாள். "கென்சராத்தான் இருக்கும்" என்றானாம். அன்றிரவே, வீட்டை மகளுக்கு எழுதவேண்டுமென்று காணி உறுதியைத் தேடத் தொடங்கிவிட்டாள்.

அது கருப்பைக் கழுத்துக் கலங்களில் வரும் லேசான மாற்றம். அதை உண்டாக்கும், உடலுறவால் தொற்றும் எச்.பி.வி. வைரஸைப் பெரும்பாலானோரின் உடம்பே ஓரிரு வருடத்தில் விரட்டிவிடும். வைரஸ் சோதனை செய்வார்கள், ஒரு வருடம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள், அல்லது கருப்பைக் கழுத்தைப் பெருப்பித்துப் பார்க்கும் கொல்போஸ்கொபிக்கு அனுப்புவார்கள். 'எச்.எஸ்.ஐ.எல்.', அதாவது கடுமையான மாற்றம் என்றால் கதை வேறு. அதுவும் புற்றுநோய் அல்ல, ஆனால் பிற்போடக் கூடாது. கொல்போஸ்கொபியில் கருப்பைக் கழுத்தில் ஐதான அசற்றிக் அமிலத்தைப் பூசினால் மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். அதில் சிறிது கிள்ளிச் சோதனைக்கு அனுப்புவார்கள். கடுமையான மாற்றம் என்று உறுதியானால், விறைக்கவைத்து மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். கருப்பையை எடுக்கமாட்டார்கள்.

இவ்வளவும் நான் சொன்ன பிறகு மச்சாள் கேட்டது ஒன்றுதான்: "இது ஆரால வந்தது மச்சாள்?"

வைரஸ் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். எப்போது, யாரிடமிருந்து ஒட்டியது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. இதைப் புருசனுக்கும் கேட்க யாராவது சொல்லவேண்டும். மச்சாள்மார் சொல்லி எடுபடாது, வெள்ளை உடுப்புப் போட்டவர்கள்தான் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் துண்டு தலையணைக்கு அடியில் போய்விடும், பெண்ணும் வரமாட்டாள்.

ஆகவே துண்டை வரிசையில் வைத்து நீட்டாதீர்கள். அறைக்குள் கூப்பிட்டு, அடுத்தது என்னவென்று தமிழில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். வைத்தியசாலையோடு பேசித் திகதியையும் நீங்களே எடுத்துக் கொடுங்கள். வாவிக்கு அந்தப் பக்கமுள்ள படுவான்கரைப் பெண், பாதை என்கிற மிதவைப் படகு ஏறி, குருமண்வெளியில் பஸ் பிடித்துத்தான் வரவேண்டும். வேளாண்மை வெட்டு நாளில் திகதி போட்டால் வரவே மாட்டாள். கலம் போதவில்லை, திரும்ப எடுக்கவேண்டும் என்று வருகிற துண்டுகளுக்கும் இதுதான் முறை.

வெட்டியெடுத்த பிறகும் வருடக்கணக்கில் சோதனை தொடரவேண்டும். கசிவு நின்றதும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். வராதவர்களின் பெயரை மாதாமாதம் அந்தந்த ஊர் மிட்வைப் மிஸ்ஸிடம் கொடுத்தால், அவர் எப்படியும் அந்த வீட்டு வாசலைக் கடந்துதானே போகிறார்.

இப்படிக்கு,
படுவான்கரைப் பெண் ஒருத்தி