காவும் ஓக் தோப்பும்

ஆசிரியருக்கு,

லித்துவேனியாவில் கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய வழிபாட்டைத் தொடரும் ரொமுவா நெறி பற்றிய கட்டுரையை, தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையிலிருந்து படித்தேன். ஐரோப்பாவில் கடைசியாகக் கிறிஸ்தவத்துக்கு மாறிய நாடு அது. 1387இல் ஞானஸ்நானம் நடந்தது. அப்புறமும் கிராமத்து வீடுகளில் விஷமில்லாத புல்பாம்புக்குப் பால் வைத்தார்கள். இந்த வரியில் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டு நாகர் காவில், அதாவது பாம்புத் தெய்வங்களுக்கென விட்ட மரத்தோப்பில், ஆயில்யத்தன்று பாட்டி மஞ்சள்பொடி தூவி, சிரட்டையில் பால் வைப்பாள். செருப்போடு யாரும் உள்ளே போக முடியாது, சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது.

லித்துவேனியாவில் ஒரு துறவி புனித ஓக் தோப்பை வெட்டியபோது, பெண்கள் மன்னர் விட்டாட்டஸிடம் போய் அழுதார்களாம்: 'கடவுளின் வீட்டை இடித்துவிட்டான், இனி மழைக்கும் வெயிலுக்கும் எங்கே போய்க் கேட்போம்?' மன்னர் துறவியை நாட்டைவிட்டே அனுப்பினார். எங்கள் காவை வெட்டியபோது அழ பாட்டி இல்லை. பங்கு பிரித்ததும் காஞ்சிர மரம் சாய்ந்தது, ரப்பர் வந்தது. நான் அன்று வாய் திறக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

ரொமுவாவுக்கு 2024 டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் அங்கீகாரம் கொடுத்துவிட்டது. 2019இல் மறுத்த அதே நாடாளுமன்றம்தான். அறுநூறு ஆண்டுக்கு மேல் காத்திருந்திருக்கிறார்கள்!

என் பங்கில் மூன்று சென்ட் மிச்சம், நாகர் கல்லும் இருக்கிறது. இந்த இடவப்பாதி மழையில் அங்கே காஞ்சிரக் கன்று நடுகிறேன். எல்லைக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் காவு வைத்திருப்பவர்கள், விற்கும் முன் ஒருமுறை உள்ளே போய் நின்று பாருங்கள்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, களியக்காவிளை